பொங்கல்படியில் போன வாழைக்கன்று

வாழை விழும் சத்தம் மற்ற மரம் முறிவதைப் போல இருக்காது. ஈரச் சாக்கை யாரோ தரையில் போட்டது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு நான் இன்றும் பயப்படுகிறேன். ஆடிக் காற்றில் ஊரார் கூரை ஓட்டைப் பார்த்துக் கவலைப்படும்போது என் காது தோட்டத்துப் பக்கமே இருக்கும். காரணம் தெரிந்தவள் என் தங்கை ஒருத்திதான். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி இதை எழுதாமல் இருக்க எனக்குச் சாக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் வீடு ஆழ்வார்திருநகரியில். அப்பா இறந்த வருஷமே தங்கையை ஏரலில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆற்றை ஒட்டி வாழைத் தோட்டம். நான் அப்போது கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம்.

மணமான பெண்ணின் முதல் பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அரிசி, பானை, கரும்பு, மஞ்சள்குலை என்று பொங்கல்படி போகும். எங்கள் குடும்பத்தில் அதோடு மூன்று வாழைக்கன்றும் வேரோடு போகும். கன்று பெண்ணைப் பெற்றவர்களின் சொந்தத் தோட்டத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். அதைப் பெண்ணே தன் கையால் புகுந்த வீட்டு மண்ணில் வைப்பாள். கன்று வேர் பிடித்தால் பெண்ணும் அந்த வீட்டில் வேர் பிடித்தாள் என்று பேச்சு. அது ஈனும் முதல் தார் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வரும்.

அந்தக் கார்த்திகையில் ஆறு பெருகி அப்பா வைத்த வாழையை அடித்துக்கொண்டு போய்விட்டது. தப்பிய சிலவும் கன்று எடுக்கிற நிலையில் இல்லை. அம்மா யாரிடமோ சொல்லி இதை எனக்குக் கடிதமாக எழுத வைத்திருந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கினால் மறுநாளே ஊருக்குத் தெரியும். தகப்பன் இல்லாத வீடு, கன்றைக்கூட இரவல் வாங்கிக் கொடுக்கிறது என்று ஏரலில் சொல்வார்கள். அதனால் நான் கொழும்பில் ஒரு தோட்டக்காரரிடம் மூன்று கன்று வாங்கினேன். நம் ஊரில் உள்ள நாட்டு ஜாதிதான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அவற்றோடு பொங்கலுக்கு ஊருக்குக் கப்பல் ஏறினேன்.

தூத்துக்குடியில் பெரிய கப்பல் கரைக்கு வராது. எங்களைப் படகில் இறக்கிச் சுங்கக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சேவகன் கத்திக்கொண்டிருந்தான்.

"செடி, கொடி, கிழங்கு, கன்னு எது இருந்தாலும் இங்கன எடுத்து வையுங்க! புதுச் சட்டம் வந்திருக்கு! அக்கரைப் பூச்சி இங்கன வரப்பிடாது. புகை போட்டுத்தான் தருவாக!"

எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒருத்தி இரண்டு பூச்செடியை எடுத்து வைத்துவிட்டு, "எப்பம்யா தருவீய?" என்று கேட்டாள்.

"பொங்கல் கழிச்சு வாங்க."

பொங்கல் கழிந்து வந்தால் அந்தக் கன்றால் எனக்கு என்ன பயன்? என் கன்றுகள் நனைந்த சாக்கில் பொதிந்து, படுக்கைச் சுருளுக்குள் இருந்தன. என் முறை வந்ததும், "துணியும் படுக்கையும்தான்" என்றேன். சேவகன் சுருளைத் தூக்கிப் பார்த்தான்.

"என்னவே, இந்தக் கனம் கனக்கு? வீட்டுக்காரியையும் சேத்துச் சுருட்டிட்டீரோ?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, அண்ணாச்சி."

"அப்பம் மாமனார் வீட்டையே சுருட்டிட்டு வந்திருக்கீரு. போம், போம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சுருளைத் தோளில் ஏற்றி வெளியே வந்தேன்.

பொங்கலன்று காலையில் பொங்கல்படியோடு ஏரலுக்குப் போனோம். வெள்ளத்தில் தப்பிய வாழையின் கன்று என்று சொல்லிக் கொடுத்தேன். தங்கை தோட்டத்தில் குழிக்கருகில் உட்கார்ந்து சாக்கைப் பிரித்தவள், கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நம்ம தோட்டத்து மண்ணு இப்படிச் சிவக்காதே."

"பைய பேசுட்டி" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு செம்பிலிருந்த தண்ணீரை ஊற்றி அந்தச் சிவப்பு மண்ணைக் கழுவிவிட்டுக் கன்றை வைத்தாள். அவளுடைய மாமியாருக்கு அன்று இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. "எங்க மருமவ வேரோடல்லா வந்திருக்கா" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். கன்று தழைத்துப் பக்கக்கன்று விட்டதும் அதை எடுத்து அண்டைத் தோட்டக்காரர்களுக்கும் கொடுத்தாராம். வாழைக்கன்று கேட்டு இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

நான் கொழும்புக்குத் திரும்பவில்லை. காலேஜில் படித்த படிப்புக்குப் பாளையங்கோட்டையில் ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. இங்கிலீஷில் வரும் அறிவிப்புகளைத் தமிழில் எழுதுவது என் பொறுப்பு. மறு வருஷம் விவசாய இலாகாவிலிருந்து குடியானவர்களுக்கான துண்டுப் பிரசுரம் ஒன்று வந்தது. வாழைக் கிழங்கைத் துளைக்கும் வண்டு பற்றியது. வண்டு கறுப்பு, மூக்கு நீளம். புழு வெள்ளை, காலில்லை, தலை செம்பழுப்பு. கிழங்கைக் குடைந்து கூடாக்கிவிடும், மரம் காற்றுக்குச் சாயும். கன்றின் கிழங்கில் ஒளிந்து ஊர் விட்டு ஊர் போகும். இலங்கையிலிருந்து கன்று கொண்டுவருவோர் துறைமுகத்தில் காட்ட வேண்டும், மறைத்தால் தண்டனை உண்டு.

'ஒளிந்து' என்ற சொல்லை எழுதிய பிறகு எனக்குப் பேனா ஓடவில்லை. தலைமைக் குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

"என்னவே, பேனா நின்னுபோச்சு? புழு காகிதத்துலயா இருக்கு?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஏரலுக்குப் போனேன். தங்கை அப்போது பிள்ளையுண்டாகியிருந்தாள். அவள் வைத்த மூன்றில் ஒன்று விழுந்துகிடந்தது. மற்ற இரண்டிலும் வெளி இலைகள் மஞ்சளாகத் தொங்கின. மாமியார் எனக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

"தம்பி, தப்பா எடுத்துக்கிடாதீய. வாழை வேர் பிடிக்கல, வந்தவளும் பிடிக்க மாட்டான்னு ஊரு பேசுது. நான் பேசல."

"வாழை விழுகதுக்கும் மருமவளுக்கும் என்ன அத்தை?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன உங்களை மாதிரி படிச்சவளா?"

கை கழுவுவதாகச் சொல்லித் தோட்டத்துக்குப் போனேன். விழுந்த மரத்தின் அடிக்கிழங்கை விரலால் நெம்பினேன். அப்பளம் போல உடைந்தது. உள்ளே சுரங்கம் சுரங்கமாக இருந்தது. ஒரு புழு நெளிந்து வெளியே தலை நீட்டியது. நான் காகிதத்தில் எழுதிய அதே செம்பழுப்பு. பக்கத்தில் கிடந்த மண்ணை அள்ளி அதன் மேல் போட்டு மூடினேன்.

"என்ன அண்ணாச்சி பாக்கிய?" தங்கை பின்னால் நின்றாள்.

"அழுகல்ட்டி. தண்ணி கூடிப்போச்சு."

அவள் என் விரல் நகத்தில் இருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அந்த மாமியாரிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இது ராசி இல்லை, பூச்சி, கொண்டுவந்தவன் நான். என் தங்கை தலை நிமிர்ந்திருப்பாள். வண்டும் அந்தச் சில தோட்டங்களோடு நின்றிருக்கலாம். எனக்கு வேலை போகும், விலங்கு போட்டுத் தெருவழியே கூட்டிப் போவார்கள் என்று பயந்து, மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன். வாழையிலையில் சோறு போட்டால் இறங்காது.

ஆடிக் காற்று வந்தது. ஏரலில் மாப்பிள்ளை தோட்டத்தில் வரிசை வரிசையாக வாழை சாய்ந்தது. கன்று வாங்கிப் போன அண்டைத் தோட்டங்களிலும் அப்படியே. விவசாய இலாகா அதிகாரி ஒருவர் பார்க்க வந்தார். பிரசுரத்தைப் படித்துக் காட்டவும் அவர் சொல்வதை ஊராருக்கு விளக்கவும் கச்சேரியில் என்னையே அவரோடு அனுப்பினார்கள். மறுத்தால் காரணம் கேட்பார்களே என்று கிளம்பினேன்.

அதிகாரி பட்டணத்துக்காரர், கோபம் இல்லாத மனிதர். விழுந்த கிழங்கை வெட்டிப் புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மாப்பிள்ளை முகம் வெளுத்துப் போனது.

"எல்லாத்தையும் தோண்டிக் கொளுத்தணும். கொளுத்துன்னு உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லை. சட்டம் துறைமுகத்தோட நிற்கிறது. அதைத் தாண்டி வந்துட்டா உங்க கிட்டக் கெஞ்சத்தான் முடியும்" என்றார். பிறகு, "முதல்ல எந்தக் கன்று இப்படி ஆச்சு? அது எங்கே வாங்கினது?" என்று கேட்டார்.

மாமியார் தங்கையைக் கை காட்டினார். "அவ கொண்டாந்தது. பொங்கல்படியில வந்தது."

"கொழும்புக் கன்றா அம்மா? பயப்படாமல் சொல்லுங்க. ஒளிச்சுக் கொண்டுவந்தவன் யாருன்னு தெரிஞ்சா எங்களுக்கு உதவி."

நான் பிரசுரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க தோட்டத்துக் கன்னுதான், ஐயா. எங்க அப்பா வச்ச வாழையில எடுத்தது."

"அப்படியா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். பெண்ணின் அண்ணன் நான்தான் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ஆமா" என்றேன்.

"அப்போ அந்தத் தோட்டத்தையும் நாளை மறுநாள் பார்த்துடணும்."

மாமியார் முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனார். "சீக்குப் பிடிச்ச வீட்டுல போயில்லா பொண்ணு எடுத்திருக்கோம்" என்று சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

எங்கள் தோட்டத்து வாழை சுத்தமானது. அதுதான் என் பயம். அதிகாரி வெட்டிப் பார்ப்பார். ஒரு கிழங்கிலும் துளை இருக்காது. அப்படியானால் அந்தக் கன்று எங்கிருந்து வந்தது என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். இந்த யோசனையிலேயே மாட்டுவண்டிக்குச் சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் ஏரல் தோட்டத்திலிருந்து புழு பிடித்த கிழங்குகளைச் சாக்கில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன். முன்பு கன்றைப் பொதிந்து வந்ததும் சாக்குத்தான். மறுநாள் மத்தியானம் அம்மா கண்ணயர்ந்திருந்த வேளையில், வெள்ளத்துக்குத் தப்பி மறுபடி எழுந்து நின்ற அப்பாவின் வாழை அடியில் தோண்டி, வேரோடு வேராக அந்தக் கிழங்கை நெருக்கிப் புதைத்தேன். ஒரு வண்டு என் மணிக்கட்டில் ஏறியது. உதறினேன். அது வாழைச் சருகுக்குள் ஓடிவிட்டது. தேடினேன், கிடைக்கவில்லை.

அதிகாரி வந்தார். முதல் மரத்தை வெட்டினார், கிழங்கு தேங்காய்ப் பருப்பு போல வெள்ளையாக இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். அவர் நெற்றி சுருங்கியது. புழு வேண்டும் என்று நான் கடவுளை வேண்டிக்கொண்டேன். மூன்றாவதன் அடியில் மண்வெட்டி நான் புதைத்ததில் பட்டது.

"இதோ" என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கும்தான்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்க அப்பா வச்ச வாழையிலயாலே? அவரு கையில இதுவா வளந்தது?" என்று கேட்டாள். கொளுத்துவதற்குச் சம்மதமா என்று அதிகாரி கேட்டதும், "கொளுத்துங்க ஐயா. எம் மவ வாழ்க்கையைக் கெடுத்ததைக் கொளுத்துங்க" என்றாள். பச்சை வாழை எளிதில் எரியாது. நாள் முழுக்கப் புகைந்தது. நான் முன்னால் நின்று கிளறிவிட்டேன். அந்த ஒரு வண்டு மட்டும் தீக்கு அகப்படவில்லை. அடுத்த ஆடியில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் வாழை விழுந்தது.

வண்டு பிறந்த வீட்டிலிருந்துதான் வந்தது என்று சர்க்காரே சொல்லிவிட்டதால் ஏரலில் என் தங்கைக்காகப் பேச ஆளில்லாமல் போனது. பிரசவத்துக்கு வந்தவளைத் திரும்ப அழைக்க யாரும் வரவில்லை. பெண் குழந்தை பிறந்தது. தவழ்ந்தது, நடந்தது. நாங்கள் ஆள் அனுப்பியதற்கெல்லாம், பார்ப்போம் என்றே பதில். அவள் ஒரு நாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவள் சொல்லிவிடுவாளோ என்று நான் தினமும் பயந்தேன். தங்கையைப் பார்த்துப் பயப்பட்ட அண்ணன் நான்.

குழந்தை ஓடித் திரிகிற வயதில் ஒரு நாள் மாப்பிள்ளை வந்தார். சங்கடத்தோடு நின்று, "அத்தான், கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். ஆனா அம்மை ஒண்ணு சொல்லிட்டா. இந்த வீட்டுச் சாமான் எதுவும் கூட வரப்பிடாது. ஒரு இலைகூட வேண்டாமாம்" என்றார்.

"நல்லது" என்றாள் தங்கை, நான் பதில் சொல்லுமுன்.

அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. மஞ்சளையும் ஒரு பிடி நெல்லையும் தங்கையின் முந்தானையில் முடிந்துவிட்டாள். தங்கை வாசற்படி வரை வந்து நின்றாள். முடிச்சை அவிழ்த்து நெல்லையும் மஞ்சளையும் படியில் வைத்தாள். முந்தானையை நன்றாக உதறினாள். குழந்தையின் பாவாடையை உதறினாள். செம்பில் தண்ணீர் கேட்டு வாங்கித் தன் கால் மண்ணையும் குழந்தையின் கால் மண்ணையும் கழுவினாள். தூத்துக்குடிக் கொட்டகையில் எனக்கு யாரும் செய்யாத சோதனையை அவள் தனக்குத் தானே செய்துகொண்டாள்.

வண்டியில் ஏறும்போது என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"பயப்படாதீய அண்ணாச்சி. ஒண்ணும் ஒட்டிக்கிட்டுப் போகல."