தவிட்டுக்குருவியின் தலை

நாகஜோதியின் குருவிகள் எல்லாம் அவளுடைய கால் கட்டைவிரலிலிருந்துதான் பிறந்தன.

நிலக்கோட்டைப் பக்கத்துக்காரி. மல்லிகை கட்டும் நாரின் ஒரு முனையைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு பழகிய கால் அது. விடியுமுன்னே பூ எடுத்துவிட்டு வகுப்பில் போய்த் தூங்கி விழுந்ததில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. விரலின் பழக்கம் நிற்கவில்லை. வடமதுரைக்கு வாக்கப்பட்டு வந்து, பக்கத்து வீட்டு மகேஸ்வரியிடம் குரோஷா பின்னல் ஊசி பிடிக்கக் கற்றபோதும் அப்படித்தான். தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, உல்லன் நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினால்தான் கண்ணிகள் ஒரே இறுக்கமாக விழுந்தன.

நாலு பேர் முன்னால் அவளுக்குப் பேச்சு வராது. ஆனால் கண் ஓயாது. கரிச்சானின் வால் நுனி வெளிப்பக்கமாக வளைவது, செம்போத்து வேலியோரம் நிதானமாக நடப்பது, தவிட்டுக்குருவி வெளிறிய கண்ணை வைத்துக்கொண்டு எந்நேரமும் யாரையோ முறைப்பது, எல்லாம் அவள் பார்த்துவைத்தவை. பார்த்தது அத்தனையும் நூலில் வந்தது.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் கௌசல்யாவின் பையில் அம்மா பின்னிய ஒரு கரிச்சான் தொங்கியது. அதைக் கையில் எடுத்துப் பார்த்த பாஸிலா டீச்சர், வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடுக்கு அம்மாவை வரச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் முன்னால் ஒரு குருவி பின்னிக் காட்ட வேண்டும்.

வியாழன் சாயங்காலம் சாப்பிடும்போது கௌசல்யா வெஞ்சனத் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"யம்மா, வா. ஆனா அங்க வந்து காலை நீட்டிராத. பிரின்ஸுன்னு ஒருத்தன் இருக்கான், வருசம் பூராச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

"நீட்டல."

"சேர்லயே உக்காந்து பின்னு."

"சரி, ஆத்தா."

தன்னால் மகள் தலை குனியக் கூடாது. நாகஜோதிக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தவிட்டுக்குருவியின் உடம்பை வீட்டிலேயே முடித்து, பஞ்சு அடைத்துக் கொண்டுபோயிருந்தாள். தலை மட்டும் பாக்கி. டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றார். நாற்பது முகங்கள். கால்கள் செருப்புக்குள் ஒடுங்கிக்கொண்டன. நூலை இடது சுண்டுவிரலில் சுற்றினாள். வியர்வையில் அது வழுக்கியது. என்ன இறுக்கினாலும் கண்ணிகள் தளர்ந்தே விழுந்தன. பஞ்சை அடைத்ததும் தலை பருத்தது. இடுக்கெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு எட்டிப் பார்த்தது. உடம்பின்மேல் வைத்துப் பார்த்தாள்.

"மிஸ், குருவி உடம்புல ஆந்தத் தலை!" என்றான் பிரின்ஸ்.

வகுப்பே சிரித்தது. கௌசல்யா குனிந்து பெஞ்சில் எதையோ நகத்தால் சுரண்டினாள். நாகஜோதி எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது, காலை நீட்டாமலேயே.

நாகஜோதி பஞ்சை எடுத்துவிட்டு நூல் முனையை இழுத்தாள். சரசரவென்று தலை அவிழ்ந்து, சுருள் சுருளான நூலாக மடியில் கிடந்தது. சிரிப்பு நின்றது. இனி வீட்டுக்குப் போகலாம். அல்லது ஒழுங்காகப் பின்னலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

கால் பாதி நீண்டது, அப்படியே நின்றது. எதிரே டீச்சர். டீச்சருக்கு நேராகக் காலை நீட்டுவதா? வலப்பக்கம் திரும்பினால் புத்தகங்களும் பிள்ளைகளும். சுவரைப் பார்த்து உட்காரலாமென்றால் எல்லாருக்கும் முதுகு காட்ட வேண்டும். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முழங்கால் மடங்கியபடியே நின்றது.

பெஞ்சு நகரும் சத்தம். கௌசல்யா எழுந்து வந்தாள். டீச்சருக்கும் அம்மாவுக்கும் நடுவில், அந்தக் காலுக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என் பக்கம் நீட்டும்மா. எனக்கென்ன."

முகம் சிவந்துதான் இருந்தது. ஆனாலும் அவளே நூலை எடுத்து அம்மாவின் கட்டைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

பிறகு ஊசி ஓடியது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிச் சுற்றி உட்கார்ந்தார்கள். "ஏலே, தள்ளுங்கடா, விரலு தெரியல" என்று முண்டியடித்தவன் பிரின்ஸ்தான். வழுக்கைத் தலை மாதிரி முதலில் ஒரு வட்டம், பிறகு கழுத்து, பிறகு மஞ்சள் நூலில் அலகு. வெள்ளைச் சட்டைப் பொத்தானில் கறுப்புப் புள்ளி வைத்து ஒரு கண்ணைத் தைத்தாள்.

"அத்த, அது ஏன் இப்பிடி மொறைக்குது?" பிரின்ஸ் கேட்டான்.

"மொறைக்கல, அப்பு. அது மூஞ்சியே அப்பிடித்தான்." தன் குரல் அந்த வகுப்பில் கேட்டதில் அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்: "தனியா இருக்காது அது. இன்னும் அஞ்சாறு கூட்டாளி வேணும்."

பெல் அடித்தது. நாகஜோதி பதறிக் காலை மடக்கப் போனாள். தினமும் முதல் ஆளாக வெளியே ஓடுகிற கௌசல்யா, அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"செத்த இரும்மா. இன்னொரு கண்ணு பாக்கியிருக்கு."