நல்லேருக்குக் காத்திருந்த ஏக்கர்

‘ஏக்கர்’ என்ற சொல்லின் பூர்வீகத்தை, அப்பா இறந்த மறு வருஷம், தஞ்சாவூரில் கல்லூரி நூலகத்தில் படித்தேன். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் எல்லாவற்றுக்கும் தாயாக ஒரு பழைய மொழி இருந்ததாம். அதில் வயலுக்கு ‘அக்ரஸ்’ என்று பெயராம். யாரும் எழுதிவைத்த சொல் இல்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத் தகப்பன் சாடையைச் சொல்வதுபோல, பிற்காலச் சொற்களை ஒப்பிட்டு ஊகித்தது. அதனால் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. ஜெர்மனியில் அதன் வாரிசுக்கு இன்றும் வயல் என்றே பொருள். இங்கிலாந்தில் மட்டும் அளவாகிவிட்டது: ஏர்மாடு ஒரு நாளில் உழுகிற நிலம். வெள்ளைக்காரன் அதைக் கொண்டுவந்து எங்கள் தாசில்தார் ஆபீசில் வைத்துவிட்டுப் போனான்.

படித்ததும் அழுகை வந்தது. அப்பாவுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு நாள் உழவுதான்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர் அப்பா. சித்திரையில் நல்லேர் பூட்டும்போது, வருஷத்தின் முதல் உழவுக்கு, முதல் கலப்பையைப் பிடிப்பது அவர்தான். கைராசிக்காரர் என்பார்கள். ராசியெல்லாம் மிராசுதாருக்கே போனது.

கழக ஆட்சியில் மிராசுதாரிடம் உச்சவரம்புக்கு மேலிருந்த நிலத்தை எடுத்துப் பிரித்தபோது அப்பாவுக்கு ஒரு ஏக்கர் வந்தது. அவர் கணக்கில் மூன்று மா. அப்போது பங்குனி. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, “இன்னிக்கே ஏரை எறக்கிடுங்கண்ணே. விட்டா கோர்ட்டுக்குப் போயிடுவாங்க” என்று தலைபாடாக அடித்துக்கொண்டார்.

அப்பா அசையவில்லை. “ஊரான் நெலத்துக்கெல்லாம் நாள் பாத்து ஏர் பூட்டுனேன். என் நெலத்துல நாள் பாக்காம எறங்குவனா? சித்திரை பொறக்கட்டும்.”

சித்திரைக்கு முன் ஸ்டே ஆர்டர் பிறந்தது. வழக்கு நடந்த காலமெல்லாம் அப்பா அந்த வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார். உள்ளே கால் வைத்ததே இல்லை. வழக்கு முடியுமுன் அவர் போய்விட்டார். எனக்கு அவர்மீது இன்றும் கோபம். அதில் முக்கால்வாசி துக்கம்தான்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்த மறுநாளே அம்மா டிராக்டரை வரவழைத்துவிட்டாள்.

“ராகு காலம்மா” என்றேன்.

“நாள் பாத்தவரு எங்க இருக்காரு பாரு. ஓட்டச் சொல்லு.”

புத்தகம் ஒரு நாள் உழவு என்று சொன்ன நிலம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. டிராக்டர் சத்தம் நின்றதும் அம்மா வரப்பில் உட்கார்ந்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள். “இதுக்கா அந்த மனுசன் காத்துக் கெடந்தாரு?”