நேரில் வரணுமா?

புதுக்கடையில் ஆன்லைன் பட்டப்படிப்புக்கு ஆள் சேர்க்கும் அலுவலகத்தில் நான் வேலை பார்த்தபோது, ஒரு மளிகைக் கடைக்காரர் தன் மனைவியை அழைத்து வந்தார். கல்யாணத்துக்குக் கிளம்பியவள்போல் பட்டு உடுத்திப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். எதைச் சொல்லும்முன்பும் கணவர் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"வகுப்புக்கு நேர்ல வரணுமா மேடம்?" என்று கேட்டாள்.

எல்லோரும் கேட்கும் கேள்விதான். "வேண்டாம்மா, பரீட்சைகூட வீட்டுல இருந்தே எழுதலாம்" என்றேன்.

"அப்போ கொள்ளாம்" என்றார் கணவர் திருப்தியாக.

அவள் முதன்முறையாக அவரைப் பார்க்காமல் பேசினாள். "மாசத்துல ஒரு நாளாவது வரச் சொல்ல மாட்டியளா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

சேர்ந்தாள், தேறினாள். சான்றிதழை வாங்கக் கணவர் மட்டும் வந்தார். "அவங்க வரலையா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?" என்றார்.

மாதம் ஒரு நாள் கட்டாயம் வரவேண்டும் என்று, அவள் கேட்ட அன்றே ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.