ராஜபாளையத்து மில் கூரையில் ஒரு சனிக்கிழமை

போன ஆனி மாதக் கடைசியில் ராஜபாளையம் போய்வந்தேன். கோவிலா, பால்கோவாவா, நாய்க்குட்டி வாங்கவா என்று கேட்ட நண்பர்களிடம் "ஒரு மில்லின் கூரையைப் பார்க்கப் போகிறேன்" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. விஷயம் இதுதான்: என் பெரியம்மா மகள் முத்துமாரி அக்கா அந்தக் கூரையில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை காலை அவளுக்கு ஒரு தேர்வு. ஏற்கெனவே ஒருமுறை தோற்ற தேர்வு. "நீ வந்து சும்மா நில்லு, போதும்" என்று போனில் சொன்னாள். யாரையும் துணைக்குக் கூப்பிடுகிற ஆள் இல்லை அவள். அதனால் மறுபேச்சுப் பேசாமல் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரைக்கு மதுரை மாட்டுத்தாவணியில் பஸ். ராஜபாளையம் எண்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் எழுபத்தெட்டு ரூபாய். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வலப்பக்கம் மலை கூடவே வரும். மதிய வெயிலும் அதே பக்கம்தான் வரும். மலை வேண்டுமா, மண்டை வேண்டுமா என்பதை ஏறும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் மலையைத் தேர்ந்தெடுத்துத் தலைவலியோடு ஐந்து மணிக்கு இறங்கினேன்.

மில்லுக்கு ஆட்டோவில் எண்பது ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், ஓட்டுநர் அசையவில்லை. ஆனால் வழியெல்லாம் பேசினார். "எங்க வீட்டுக்காரியும் அங்கதான் சார் சைடு பாத்தா. இப்ப பேண்டேஜ் துணி மடிக்கப் போறா. கூரை மேல ஏறுன பொம்பளையளப் பாத்து மொதல்ல சிரிச்சோம். இப்ப எம் மகளையும் சேக்கலாமான்னு இவ கேக்கா" என்றார்.

சைடு பார்ப்பது என்றால் நூற்பு மெஷினின் ஒரு பக்கத்தைக் கவனித்துக்கொள்வது. அக்கா பதினெட்டு வயதில் அந்த வேலைக்குச் சேர்ந்தாள். சில வருடங்களுக்கு முன் மில்லை மூடி, மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது கட்டடம்தான். அதன் கூரையை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ரம்பப் பல் மாதிரி வரிசை வரிசையாக இருக்கும். வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் வரட்டும் என்று, கட்டியவர்கள் கண்ணாடியை எல்லாம் வடக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அப்படியானால் சரிவுகள் எல்லாம் தெற்குப் பார்த்தவை. சோலார் பேனலுக்கு இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? முதலாளிகள் பழைய ஆஸ்பெஸ்டாஸைக் கழற்றித் தகரம் போட்டு, அதன்மேல் பேனல் அடுக்கி, அந்த மின்சாரத்தில் ஊருக்கு வெளியே உள்ள தங்கள் இன்னொரு மில்லை ஓட்டுகிறார்கள்.

கழுவித் துடைக்கும் வேலையை மில்லில் இருந்த பெண்களுக்கே கொடுத்தார்கள். அது தினக்கூலி. பழுது பார்க்கும் வேலைதான் நிரந்தரம். அதற்கு வயரைத் தொட அனுமதி வேண்டும், அனுமதிக்குத்தான் இந்தத் தேர்வு. பெண்களில் ஒருவர்கூடத் தேறாவிட்டால் வெளியூரிலிருந்து ஆள் வந்துவிடும். அக்காவுக்குக் கூலியில் கட்டுப்படியாகவில்லை. தோற்றால் பிள்ளைகளை இங்கே கணவரிடம், அதாவது மாமாவிடம் விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனி ஹாஸ்டலுக்குப் போவதாக அங்குள்ள ஏஜென்ட்டிடம் பேசி வைத்திருந்தாள்.

முதல்முறை ஏன் தோற்றாள் என்பதை அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது அவளே சொன்னாள். "நூல் அறுந்தா மெஷின நிப்பாட்டக் கூடாதுலே. ஓடும்போதே ஒட்டணும். எம்புட்டு வருசமா அதே சோலி. தொங்குற வயரப் பாத்ததும் கை தானாப் போயிருச்சு. நான் போவல, கை போச்சு."

வெயில் இருக்கும்வரை பேனல் சும்மா இருக்காது. ஸ்விட்சை அணைக்காமல் இணைப்பைப் பிரித்தால் தீப்பொறி ஆளையே அடித்துவிடும். அன்று தேர்வுக்காக சூப்பர்வைசர் காஜா பாய் தொங்கவிட்டது உயிரில்லாத வயர். அதனால் அக்காவுக்குத் தோல்வியோடு போயிற்று. அன்று இதே தப்பைச் செய்து அவளோடு தோற்ற மூன்று பெண்களும் நூல் ஒட்டியவர்கள்தான்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. சேலைக்கு மேல் மாமாவின் முழுக்கைச் சட்டை, தலையில் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட் என்று அக்கா ஏணியில் ஏறினாள். எனக்கும் ஒரு ஹெல்மெட் கொடுத்து, ஏணி முடியும் மேடையிலேயே நிற்கச் சொல்லிவிட்டார் காஜா பாய். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், அதிர்ந்து பேசாதவர். "எல்லா வரிசையும் நடந்து பாருங்க தங்கச்சி. எங்கயோ ஒரு குத்தம் இருக்கு. அவசரமில்ல" என்றார்.

அக்கா நடந்தாள். ஏழாவது வரிசையில் நின்றாள். பேனலுக்கு அடியில் ஒரு கறுப்பு வயர் தொங்கியது, இணைப்பு பாதி கழன்று. அவளுடைய வலது கை நீண்டதை நான் கண்ணால் பார்த்தேன். போச்சு என்றே நினைத்தேன். அதற்குள் இடது கை வந்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பிடித்த கைகளை அப்படியே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு செத்த நேரம் நின்றாள்.

"ஏழாவது வரிசைய அணைக்கப் போறேன். யாரும் கிட்ட வராதிய" என்று சத்தம் கொடுத்தாள். என்னைத் தாண்டிக் கீழே இறங்கினாள். ஸ்விட்சை அணைத்து, பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்தாள். மீட்டரை வைத்து மின்னோட்டம் இல்லை என்று பார்த்தாள். அதற்குப் பிறகுதான் வயரைத் தொட்டாள். இணைப்பு 'டக்' என்று பொருந்தியது.

காஜா பாய் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "தங்கச்சி, நான் கழட்டி வச்சது பதினோராவது வரிசையில. அது செத்த வயரு. இது நான் வச்சதில்ல. ரெண்டு நாளா அடிக்கிற காத்துல கிளிப்பு விட்டுப்போயிருக்கு. இது நெசமாவே ஓடிக்கிட்டிருந்துச்சு."

பிறகு அவர், "போதும், நீங்க தேறிட்டீய. எறங்குங்க" என்றார்.

"இருங்க பாய். பதினொண்ணையும் பாத்துட்டு எறங்குவோம்" என்று அக்கா நடக்க ஆரம்பித்துவிட்டாள். கீழே நின்ற பெண்கள் தலையை நிமிர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அக்கா என்று அங்கேயே கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

பகலில் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். டவுன் பஸ்ஸில் பன்னிரண்டு கிலோமீட்டர். எனக்குப் பன்னிரண்டு ரூபாய், அக்காவுக்கு இலவசம். அதையும் ஒரு பெருமையாக என்னிடம் காட்டிக்கொண்டாள். ஆண்டாள் கோவில் உச்சிவேளைக்குப் பிறகு நடை சாத்திவிடும், முன்னாலேயே போய்விடுங்கள். ஆடிப்பூரத் தேரை ஒட்டி வந்தால் அறையும் கிடைக்காது, பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. பால்கோவாவைச் சூடாக இருக்கும்போதே ஒரு கால் கிலோ அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு, பிறகு வீட்டுக்கு வாங்குங்கள். மில்லுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள்; ஆள் தெரிந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அடி வழுக்காத ஷூவோடு காலை ஏழுக்குள் போங்கள். எட்டரைக்கு மேல் தகரம் கொதிக்கும்.

இந்தப் பக்கம் பழைய மில்களைக் கடந்து போகும் எல்லாரும் 'எப்படி இருந்த ஊர்' என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். நானும் விட்டிருக்கிறேன். இனிமேல் விடமாட்டேன். அடுத்தமுறை ஜன்னலோரம் உட்கார்ந்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் என்னை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட நின்றபோது அக்கா திருப்பூர் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டாள். ஒரு கையில் பால்கோவா இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"நான் வரல அண்ணாச்சி."

"ஏம்மா, வேற வேல கெடச்சிருச்சா?"

"பழைய மில்லுலதான்."

"அதான் மூடிக் கெடக்குன்னு நீயே சொன்னியே?"

"கீழதான் அண்ணாச்சி மூடிக் கெடக்கு."