கும்பெனிச் சிப்பாய்க்குக் கால்சட்டை கிடையாது

போன வாரம் எங்கள் அடுக்ககத்தின் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, நான் மட்டும் பால் பாக்கெட்டும் கையுமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். எனாமலும் தின்னரும் கலந்த அந்த வாசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். வீட்டில் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். உங்களிடம் சொல்லலாம், நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் சாயப் பிரிவில் எனக்கு வேலை. வாரத்தில் ஆறு நாள் அந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் கும்பெனிப் படையின் தளபதி. சிரிக்காதீர்கள், அந்தப் பதவியை நான் ரொம்ப மதித்தேன்.

கூடப் படித்த வெங்கட்ராஜாவின் சித்தப்பா லண்டனிலிருந்து ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தார். விரல் உயரச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை போட்டு யார் விழுந்தார்கள் என்று முடிவு செய்கிற ஆட்டம் அதில் இருந்தது. உள்ளே இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தின் மேல் எங்களுக்கு ஒட்டுதல் வரவில்லை. நம்ம ஊர்ச் சண்டையையே ஆடுவோம் என்று பாளையக்காரர்களையும் கும்பெனியையும் மோத விட்டோம். பகடைக்குப் பதில் தாயக்கட்டை. சிவகாசி அச்சாபீஸ்களில் கழித்துப்போட்ட ஈய எழுத்துகளை எடைக்கு வாங்கி வந்து, உருக்கி, அச்சில் ஊற்றி வெங்கட்ராஜா ஆட்களை எடுப்பான். வர்ணம் அடிப்பது என் பொறுப்பு. இடம் அவனுடைய அப்பாவின் பஞ்சுக் கோடவுன். ஈரப் பெயிண்டில் பஞ்சுத் தூசி ஒட்டி எங்கள் பட்டாளத்தில் பாதிப் பேருக்குத் தாடி முளைத்திருக்கும்.

பாளையக்காரர் பக்கம் வரதன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், ஆண்டாள் கோயில் கைங்கரியக் குடும்பம், ராஜபாளையத்தில் பேங்க் வேலை. ஆட்டத்தில் அவன் சேர்ந்த அன்றே ஒரு விதி வந்துவிட்டது. உடுப்பின் நிறம் தப்பான படை களம் இறங்கக் கூடாது. பெருமாளுக்குச் சாத்துகிற வஸ்திரத்தில் ஒரு மடிப்புத் தப்பினாலும் பொறுக்காத வீட்டில் பிறந்தவன், ஈயச் சிப்பாயை மட்டும் விடுவானா?

அந்த வருஷம் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஊரே பார்க்க ஆட்டம் ஆடுவதாக ஏற்பாடாகியிருந்தது. ஒரு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தின்று நான் வர்ணம் அடித்து முடித்த கும்பெனிப் படையை, அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே கோடவுன் மேசையில் அணிவகுத்து நிறுத்தினேன். சிவப்புக் கோட்டு, தோளில் தங்கக் குஞ்சம், வெள்ளைப் பேன்ட்டு, அதில் சிவப்புப் பட்டி, பளபளக்கிற கறுப்பு ஷூ. எனக்கே கண் பட்டுவிடும்போல் இருந்தது.

வரதன் குனிந்து பார்த்தான்.

"ஏண்டா, இவாள்லாம் சண்டைக்கு வந்தவாளா, கல்யாணத்துக்கு வந்தவாளா?"

வெங்கட்ராஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பிறந்ததிலிருந்து நேரில் பார்த்த சிவப்புக் கோட்டு ஒன்றே ஒன்றுதான். தென்காசி ரோட்டில் மாப்பிள்ளை காருக்கு முன்னால் வாசித்துக்கொண்டு போகிற பேண்டு செட்டுக்காரர் கோட்டு. குஞ்சம் முதல் ஷூ வரை அதை அப்படியே இறக்கி வைத்திருந்தேன். கையில் துப்பாக்கிக்குப் பதில் கிளாரினெட் கொடுத்திருந்தால் முகூர்த்தத்துக்கு அனுப்பியிருக்கலாம்.

"சிவகாசில எனக்குத் தெரிஞ்ச கேலண்டர் ஆர்ட்டிஸ்ட் இருக்கார். அவர்கிட்ட கொடுத்துடலாம். நீ சிரமப்படாதே" என்றான் வரதன்.

அந்தக் கடைசி வார்த்தைதான் சுட்டது. என் ஆட்கள்மேல் இன்னொருத்தன் பிரஷ் வைப்பதா?

"ஆடிப்பூரம் வரைக்கும் டயம் குடு. தப்பா இருந்துச்சுன்னா நானே சிவகாசிக்குக் கொண்டுபோய்க் குடுக்கேன். பொறவு பிரஷ்ஷத் தொட மாட்டேன்."

"ஒரேய், அவசரப்பட்டுச் சபதம் போடாதலே" என்றான் வெங்கட்ராஜா. போட்டாயிற்று.

அடுத்த லீவு நாளில் மதுரை பஸ் ஏறினேன். அங்கே ஒரு பழைய நூலகத்தில் கும்பெனிக் காலத்து ஓவியங்கள் அச்சிட்ட பெரிய புத்தகம் இருந்தது. வெளியே கொடுக்க மாட்டார்கள். ஜெராக்ஸ் எடுக்கலாம், ஆனால் சிவப்பையும் நீலத்தையும் ஒரே கறுப்பாகக் காட்டுகிற ஜெராக்ஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதற்குத்தான் மில்லிலிருந்து ஷேடு கார்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். சாயம் போட்ட நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டி நம்பர் போட்ட அட்டை அது. ஜன்னல் வெளிச்சத்தில் படத்தை வைத்து, நூலை அதன்மேல் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். என் சிவப்பு எங்கேயோ இருந்தது. படத்திலிருந்த சிவப்பு வெயிலில் கிடந்த செங்கல்லுக்குப் பக்கத்தில் நின்றது.

அதைவிடப் பெரிய அடி கீழே இருந்தது. மெட்ராஸ் சிப்பாய்க்குப் பேன்ட்டே கிடையாது! தொடையோடு நிற்கிற வெள்ளை அரைக்கால் சட்டை, அதன் ஓரத்தில் பல் பல்லாக நீலக் கரை, தலையில் நீலப் பாகை, காலில் வெறும் செருப்பு. இந்த வெயிலுக்குப் பொருத்தமாகத்தான் உடுத்தியிருந்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒவ்வொரு சிப்பாய்க்கும் குஞ்சத்தைச் சுரண்டி, ஷூவைக் கழற்றி, முழங்காலுக்கு நம்ம நிறம் கொடுத்து, தையல் ஊசி முனையால் நீலப் பற்கள் வைத்தேன். மூச்சு விட்டால் பல் கோணும். மில்லில் சூபர்வைசர் "ஷேடு கார்டு எங்கப்பா போச்சு?" என்று தேடிக்கொண்டிருந்தார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

ஆடிப்பூரத்தன்று தேர் பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு பங்கு எங்கள் ஹாலுக்குள் வந்துவிட்டது. வரதன் பூதக்கண்ணாடி கொண்டுவந்திருந்தான். முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று பார்த்துக்கொண்டே போனான். கடைசி ஆளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கரை கூட வச்சிருக்கியேடா" என்றான். குரல் இறங்கியிருந்தது. "இறக்கு."

அதோடு விட்டிருக்கலாம். நான் விடுகிற ஜாதியா? அவன் படையைப் பார்த்தேன். அத்தனை பேருக்கும் ஒரே பச்சைத் தலைப்பாகை, ஒரே மஞ்சள் கச்சை.

"ஏலே வரதா, ஊரு ஊரா ஆள் திரட்டி வந்த படைக்கு ஒரே மாதிரி துணி எடுத்துக் குடுத்தது யாரு? தீபாவளியா?"

கூட்டம் சிரித்துவிட்டது. வரதன் தன் படையைக் குனிந்து பார்த்தான். அவன் போட்ட விதியில் அவனே மாட்டிக்கொண்டான். அந்த நேரத்தில் ராஜபாளையத்துக்கே நான் ராஜா.

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, கடைசி நேரத் திருத்தத்துக்கு நான் கொண்டுவந்திருந்த பெயிண்ட் டப்பாக்களை இழுத்து வைத்து, "பிரஷ் குடுடா" என்றான். மூன்று பேரும் உட்கார்ந்தோம். "இவன் தளவாய்புரம், காவி." "இவன் கான்சாபுரம், அழுக்கு வெள்ளை." "இந்த ஆளு செண்பகத்தோப்புல இருந்து எறங்கி வாரான், தலையில துண்டே வேண்டாம்." பார்க்க வந்தவர்களும் ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். காய்ந்து எழுந்தபோது நிஜமாகவே ஒரு சனம் திரண்டு நின்ற மாதிரி இருந்தது.

ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று கேட்பீர்கள். தாயம் விழுந்து விழுந்து வரதன் என்னை மேசைக் கோடியில் வைத்திருந்த அட்டை மலை வரைக்கும் விரட்டினான். ஒவ்வொரு சிப்பாய் சாயும்போதும் ஹால் கைதட்டியது. தோற்ற தளபதி நான் முகமெல்லாம் பல்லாக நின்றேன். என் ஆட்கள் சரியான உடுப்பில் செத்தார்கள்.

கோடவுன் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். வெங்கட்ராஜா பிள்ளைகளோடு அமெரிக்காவில். வரதன் காலமாகி நாலைந்து வருஷம் ஆகிறது. போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் தன் படையையும் என்னிடமே அனுப்பிவிட்டான். எல்லோரும் என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நிற்கிறார்கள். வருகிறவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு, "சூப்பர் சார்" என்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மனசு கேட்காமல், ஒரு சிப்பாயின் கோட்டுக்குப் பச்சை அடித்து முன் வரிசையில், நட்ட நடுவில் நிறுத்தி வைத்தேன். இன்று வரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.