பாவாடைப் பட்டியில் மூன்று புள்ளி

என் பள்ளிக்கூடப் பாவாடையால் ஒரு கொலை வழக்கில் துப்புக் கிடைத்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் இன்றும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். அதற்காக அம்மாவிடம் வாங்கிய அடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. திருச்சியில் தென்னூரில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் ஒரு டீச்சரம்மா இருந்தார். அவருடைய கணவர் வாழைக்காய் மண்டியில் கொள்முதல் செய்பவர். குளித்தலைக்குப் போய்விட்டு சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று கிளம்பியவர், ஒன்பது வருடமாக வரவில்லை. எங்கோ இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறார் என்று தெருவில் முடிவே கட்டிவிட்டார்கள். டீச்சரம்மா மட்டும் தினமும் பொட்டு வைத்து, பூ வைத்து ஸ்கூலுக்குப் போவார். “யாருக்குக் காட்டவாம் இந்த அலங்காரம்?” என்று குழாயடியில் பெண்கள் அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, தொட்டியம் பக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். மீசையைப் பார்த்தால் பத்துக் கொள்ளைக்காரனைப் பிடித்தவர் மாதிரி இருக்கும். உண்மையில் ஸ்டேஷனில் அவர் தலையில் கட்டியிருந்தது யாருக்கும் வேண்டாத பழைய கேஸ் கட்டுகளை. கொன்றவன் யாரென்று தெரியாமலே மூடி வைத்த வழக்குகள். எலி தின்றது போக மிச்சமிருந்ததை மாமா படித்துக்கொண்டிருந்தார்.

அதில் ஒன்று அவரை விடவில்லை. தொட்டியத்தில் திருச்சி பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், வாழைத்தோப்பில் கிடந்த ஓர் ஆணின் உடல். தலையில் அடி. ஊரும் பேரும் தெரியாமல் புதைத்துவிட்டார்கள். செத்தவர் யாரென்று தெரியாமல் கொன்றவனை எங்கே போய்த் தேடுவது? மிஞ்சியது ஒரு சட்டைதான். அதன் காலரின் உள்பக்கம் சலவைக்காரர் போட்ட குறி இருந்தது. மூன்று புள்ளி, கீழே வளைந்த கோடு. வெளுக்கப் போன துணி வீடு மாறிவிடாமல் இருக்க, வீட்டுக்கு ஒரு குறி போடுவது அப்போது வழக்கம்.

செத்தவர் திருச்சி பஸ்ஸுக்கு நின்றவராக இருக்கலாம் என்று மாமா அதைத் தாளில் வரைந்துகொண்டு, தென்னூரிலிருந்து ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் வரை துணி வெளுக்கிற ஒருவரையும் விடாமல் காட்டினார். காக்கிச் சட்டையோடு போய்க் காட்டினார். அதுதான் அவர் செய்த தப்பு. போலீஸ்காரர் கேட்டு ‘தெரியும்’ என்று சொன்னால் ஆயுசுக்கும் கோர்ட் வாசலில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு வரும் சலவைக்கார அம்மாகூட தாளைத் தொடாமலே பார்த்துவிட்டு, “நம்ம பக்கத்துக் குறி இல்லீங்க” என்று மூட்டையோடு நடையைக் கட்டினார்.

எனக்கோ அந்தக் குறி ரொம்பப் பிடித்துவிட்டது. போலீஸ் ரகசியம் அல்லவா! ஈரம் பட்டால் அழியாத ஊதா மையாகிற மாமாவின் காப்பியிங் பென்சிலை எச்சில் தொட்டு, என் யூனிஃபார்ம் பாவாடையின் பட்டியில் மூன்று புள்ளியும் கோடும் போட்டேன். நாக்கு ஊதா நிறமானதுதான் அப்போது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

அடுத்த வாரம் சலவைக்கார அம்மா அந்தப் பாவாடையை விரித்துக்கொண்டு அம்மாவிடம் சண்டைக்கு வந்தார்.

“ஏங்கம்மா, நான் போடுற குறி சரியில்லன்னா எங்கிட்டல்ல சொல்லணும்? டீச்சரம்மா வீட்டுக் குறிய உங்க பாப்பா துணியில போட்டு வச்சா, நான் அங்கல்ல கொண்டு போய்க் குடுத்துடுவேன்?”

பாவாடையைப் பாழாக்கியதற்கு எனக்கு ஒரு அடி விழுந்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையை அம்மா அப்படியே நிறுத்தினார். சலவைக்கார அம்மாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

மாமா இந்தத் தடவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். “உங்க பேரு எங்கயும் வராதும்மா” என்று சலவைக்கார அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தார், காப்பாற்றவும் செய்தார். சட்டையை டீச்சரம்மாவே அடையாளம் காட்டினார். பட்டன் ஒன்றை வேறு நிற நூலால் தைத்தது அவர் கைதானாம். குளித்தலையில் காய் சரியில்லாமல், மனிதர் ஆற்றைத் தாண்டித் தொட்டியம் போய், அங்கிருந்து வீடு திரும்ப பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். இங்கே தேடியது ஒரு ஸ்டேஷன், அங்கே புதைத்தது இன்னொரு ஸ்டேஷன். ஒன்பது வருடம் இரண்டும் பேசிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து டீச்சரம்மா பொட்டும் பூவும் இல்லாமல் போனார். எல்லாம் என்னால்தான் என்று நினைத்து, அவர் தெருவில் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். மாமா மேலும் ஒரு வருடம் அலைந்தார். கொன்றவன் கடைசிவரை அகப்படவில்லை. “முடியலங்க டீச்சர், மன்னிச்சுக்குங்க” என்று எங்கள் வீட்டு வாசலில் அவ்வளவு பெரிய மீசைக்காரர் தலைகுனிந்து நின்றதைப் பார்த்தேன். டீச்சரம்மா அவரைப் பார்த்துக் கைகூப்பினார். யாரும் கேட்காத ஒரு மனிதருக்காக இவ்வளவு அலைந்த மாமாவை நினைத்தால் இன்று நானும் கைகூப்பத்தான் செய்வேன். அன்று எனக்கு அவர் பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரிதான் தெரிந்தார்.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. பூசையில் பங்குச் சாமியார் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். டீச்சரம்மாவின் கணவர் பெயர் வந்ததும், குழாயடிப் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், ஒளிய இடமில்லாமல் நின்ற என்னைப் பிடித்து, இரண்டு கையாலும் என் முகத்தை ஏந்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

“அவரு எங்கயும் போகலடி கண்ணு. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தாரு.”

செத்துப்போனவர் எப்படி வீட்டுக்கு வருவார்? பாவம், டீச்சரம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, பயந்துபோய் மாமாவின் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டேன்.