கரண்டு அடுப்பும் ஒரு கம்பளியும்

ஒயர்மேன் வேலையில் ஷாக் அடிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், "எது நல்லது, விறகா கரண்டா?" என்று கேட்பார்கள் பாருங்கள், அதுதான் ஆளைக் கொல்லும். மழைக்காலத்தில் மலைமேல் பிழைத்து அவதிப்பட்டவர்களுக்கு என் புலம்பல் புரியும். வெள்ளைக்காரர் காலம், ஏற்காட்டுப் பக்கம் கரண்டு வந்த புதுசு.

எதை ஊதுவது?

வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் பங்களா. விறகுப் புகையில் துரைசாணிக்குக் கண் எரிகிறதாம், கரண்டு அடுப்பு வேண்டுமாம். துரைக்கோ விறகுதான் இஷ்டம். தோட்டத்து நிழல் மரத்தைக் கழித்துவிட்டாலே வருஷத்துக்கும் போதும். இரண்டு பேரும் என் மூஞ்சியைப் பார்த்தார்கள். என் பிழைப்பே கரண்டு, வேறென்ன சொல்வேன்? பழைய அடுப்பை இடித்து, கரண்டு அடுப்பை மாட்டியாயிற்று. சமையல் பார்த்த பட்லர் மாரிமுத்தண்ணன் புது வெள்ளைப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"வெறகு ஈரமா இருந்தா ஊதிக்கலாமுங்க. இது நின்னுபோச்சுன்னா எதைங்க ஊதறது?"

பின்வாசலில் பொன்னாயி

மறுநாள் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பின்வாசலில் சொட்டச் சொட்டக் கம்பளியோடு ஒரு பொம்பளை. பொன்னாயி, காப்பி பறிக்கிறவள். மழைக்காலத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண்கள் நனைந்த கம்பளியைக் கொண்டுவந்து கொடுப்பார்களாம். மாரிமுத்தண்ணன் விறகடுப்புக்கு மேலே கயிற்றில் போட்டுக் காயவைத்துத் தருவாராம். இவளுக்கு இருப்பதே ஒரு கம்பளி. பகலில் தோட்டத்தில் இவள் தலைக்கு, ராத்திரி சின்னப் பையனுக்கு. பையனுக்கு நெஞ்சுச் சளி கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறது. லைன் வீட்டில் விறகும் ஈரம். புகைதான் வரும், சூடு வராது.

"பெட்டிமேல போட்டா பத்திக்கும் தாயி, ஷாக்கும் அடிக்கும்" என்றேன். அவள் பெட்டியை ஒருமுறை பார்த்தாள்.

"அத்தன சூடும் பொட்டிக்குள்ளயேதானுங்களா? எங்களுக்கு வராதுங்களா?"

மறுபடியும் விறகு

அந்த மழை விட்டபாடில்லை. காற்றில் கிளை முறிந்து ஒயர்மேல் விழுவதும் கரண்டு போவதுமாக இருந்தது. நேரத்துக்கு டீ இல்லாமல் துரைசாணிக்கு அலுத்துப்போய்விட்டது. பெட்டியைக் கழற்ற என்னையே கூப்பிட்டார்கள். கொத்தனார் பழைய இடத்திலேயே அடுப்பைக் கட்டினார். தீ பிடித்ததுதான் தாமதம், மாரிமுத்தண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு லைன் வீட்டுக்கு ஓடினார்.

"பொன்னாயி, கம்பளியக் கொண்டா கண்ணு! அடுப்பு எரியுது!"

வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை. கம்பளி அவள் பக்கத்திலேயே நனைந்தபடி கிடந்தது. அண்ணன் குனிந்து எடுக்கப் போனார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இனி எதுக்குங்கண்ணா? போத்திக்க எம் பையன் இல்லீங்களே."

மாட்டினதற்கும் கூலி, கழற்றினதற்கும் கூலி என்று அந்த அடுப்பு விவகாரத்தில் நஷ்டப்படாதவன் நான் ஒருத்தன்தான், என்ன பிழைப்போ போங்கள்.